வயலுக்கு மேலே பறக்கும் ட்ரோன்: நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஒலியோடு தலைக்கு மேல் பறக்கும் சிறு விமானத்தை இன்று பார்க்காத கிராமம் இல்லை. கல்யாண வீட்டிற்குப் படம் எடுக்க வருகிறது. தேர்த் திருவிழாவிற்கு வருகிறது. சில ஆண்டுகளாக நெல் வயலுக்கும் கரும்புக்கும் மருந்து தெளிக்கவும் வருகிறது. 'ட்ரோன்' என்ற பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பறக்கவிடுவதற்கு விதிகள் உண்டு என்பதும், ஒரு நாட்டில் சரியானது மற்றொரு நாட்டில் குற்றமாகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

புதுச்சேரிப் பகுதி விவசாயிகளுக்கு இது வெறும் ஏட்டு விஷயமன்று. இங்கு பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல உள்ளன. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் வாட்ச்சும் வாசனைத் திரவியமும் கொண்டுவந்த காலம் போய், பெட்டிக்குள் ட்ரோன் வைத்துக் கொண்டுவரும் காலம் வந்துவிட்டது. சேதராப்பட்டில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு அவருடைய தங்கை மகன் அப்படி ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மாமா, கரும்பு ஆளுயரம் வளர்ந்த பிறகு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இதை மேலே விட்டால் எங்கே சாய்ந்திருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று படமே எடுத்துக் காட்டும்" என்கிறார் அந்த இளைஞர். அவர் சொல்வது உண்மையே. ஆனால் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அதை இங்கே கொண்டுவரலாமா? கொண்டுவந்ததைச் சேதராப்பட்டில் பறக்கவிடலாமா? அதே வகையில் பெரியதாக ஒன்று வாங்கி மருந்து தெளிக்கலாமா? இம்மூன்றுக்கும் பிரான்சில் ஒரு பதில், இந்தியாவில் வேறு பதில்.

நிலம் என்னுடையது, வானம் யாருடையது?

'என் வயலுக்கு மேலே நான் பறக்கவிடுகிறேன், யார் கேட்பது?' என்று நினைப்பது இயல்பு. புதுச்சேரியில் நெடுங்காலம் வழங்கிய பிரெஞ்சு சிவில் சட்டமும் கிட்டத்தட்ட அவ்வாறே பேசியது. 1804-இல் எழுதப்பட்ட அச்சட்டத்தின் 552-ஆம் பிரிவு, நிலத்திற்கு உரியவருக்கே அதன் மேலும் கீழும் உரியவை என்று கூறுகிறது. ஆகாய விமானம் தோன்றாத காலத்தில் எழுதியது அது. விமானம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 1944 டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வானத்தின்மீது முழு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. எட்டாவது பிரிவு, ஆளில்லாமல் பறக்கும் விமானம் எதுவும் இன்னொரு நாட்டின் அனுமதியின்றி அந்நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது. ட்ரோன் என்ற சொல்லைக் கேள்விப்படாத காலத்திலேயே இதை யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதில் வியப்பில்லை. தன் வானத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதை அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்கிறது. பக்கத்தில் பகைநாடு உள்ள தேசம் ஒருவிதமாக நினைக்கும். நகரமே நாடாக உள்ள சிங்கப்பூர் வேறுவிதமாக நினைக்கும்.

இங்கு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சேதராப்பட்டை ஒட்டித் தமிழ்நாட்டின் வானூர் வட்டம் இருக்கிறது. ஒருவருக்கே இரு பக்கமும் நிலம் இருப்பதுண்டு. 1954 நவம்பர் முதல் நாளுக்கு முன் இந்த எல்லையைக் கடந்தால் வேறு தேசம். இன்று ட்ரோனைப் பொறுத்தவரை இந்த எல்லைக்கு எந்தப் பொருளும் இல்லை. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரம். சேதராப்பட்டிலும் மயிலத்திலும் ஒரே விதிதான். ஆயினும் நடைமுறையில் இரண்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

250 கிராம் கணக்கு

ஏறக்குறைய எல்லா நாடுகளும் ட்ரோனை முதலில் எடைபோட்டுத்தான் பார்க்கின்றன. அதில் 250 கிராம் என்ற எண் அடிக்கடி வரும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. 2015-இல் அமெரிக்க விமானத்துறை ஒரு குழுவை அமைத்து, எவ்வளவு எடைக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்யச் சொல்லலாம் என்று கேட்டது. வானிலிருந்து விழுகிற பொருள் மனிதத் தலையில் மோதினால் எந்த அளவு வேகமும் எடையும் உயிருக்கு ஆபத்து என்று அக்குழு கணக்கிட்டது. சுமார் 80 ஜூல் ஆற்றல் என்ற அளவை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 250 கிராம் என்ற எடையைச் சொன்னது.

80 ஜூல் என்றால் எவ்வளவு? உரிக்காத தேங்காய் ஒன்று, ஒன்றரைக் கிலோ எடை, 15 மீட்டர் உயரத்து மரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் ஆற்றல் சுமார் 220 ஜூல். 80 ஜூல் என்பது அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். தென்னை மரத்தடியில் யாரும் கட்டில் போட்டுப் படுப்பதில்லை. மருந்து தெளிக்கும் ட்ரோனோ டேங்க் நிரம்பிய நிலையில் 20 கிலோவுக்கு மேல் நிற்கும். அது பறக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது என்று சொல்வதன் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

அமெரிக்காவில் பொழுதுபோக்கிற்காகப் பறக்கவிடுவோர் 250 கிராமும் அதற்கு மேலும் உள்ள ட்ரோனுக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 5 டாலர் கட்டணம், 3 ஆண்டுக்குச் செல்லும். கட்டணமில்லாத எளிய தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். கனடாவில் 2019 ஜூன் முதல் 250 கிராமுக்கு மேற்பட்டதற்குப் பதிவும் வேண்டும், ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். விளையாட்டுக்குப் பறக்கவிட்டாலும் விலக்கில்லை. சிங்கப்பூரில் 2020 முதல் 250 கிராமுக்கு மேல் பதிவு கட்டாயம். ஜப்பான் இன்னும் கண்டிப்பு. 2022 ஜூன் முதல் 100 கிராம் எட்டினாலே பதிவு. பிரிட்டன் நீண்ட காலம் 250 கிராமில் நின்றுவிட்டு, 2026 ஜனவரி முதல் 100 கிராமிலிருந்தே பறக்கவிடுபவர் தேர்வு எழுதி அடையாள எண் பெற வேண்டும் என்று மாற்றிவிட்டது. போக்கு எந்தத் திசையில் செல்கிறது என்பது இதிலிருந்து தெரியவரும்.

பிரான்சு உட்பட ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு 2020 டிசம்பர் 31 முதல் பொது விதி நடைமுறையில் இருக்கிறது. அங்கு எடையோடு கேமராவையும் பார்க்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும், பொம்மை என்று சான்று பெறாத ட்ரோனில் கேமரா இருந்தால் அதை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். உயரம் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கண் பார்வைக்குள் இருக்க வேண்டும். கூட்டத்தின் மேல் பறக்கக் கூடாது. பிரான்சில் தடைசெய்த இடத்தின் மேல் வேண்டுமென்றே பறக்கவிட்டால் ஓராண்டு வரை சிறையும் 45,000 யூரோ வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

இந்தியாவிலோ எடைதான் கணக்கு, கேமரா கணக்கில்லை. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ', 25 கிலோ வரை 'சிறியது', 150 கிலோ வரை 'நடுத்தரம்', அதற்கு மேல் 'பெரியது'. நானோவுக்கு ஓட்டுநர் சான்று வேண்டாம், காப்பீடு வேண்டாம். மைக்ரோவை வியாபாரமாக அல்லாமல் சொந்தத்துக்குப் பறக்கவிட்டால் அதற்கும் ஓட்டுநர் சான்று வேண்டாம். ஆனால் அதே மைக்ரோவைக் கூலிக்குப் படம் எடுக்கப் பறக்கவிட்டால் சான்று வேண்டும். கல்யாண வீட்டுக்கு வருபவரிடம் இது இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கேமராவைக் கணக்கில் கொள்ளாதது ஒரு குறையே எனலாம். வயலைப் படம் எடுக்கும் ட்ரோன் பக்கத்துப் பம்புசெட்டில் குளிப்பவர்களையும் படம் எடுத்துவிடும். அப்படி எடுப்பது ட்ரோன் விதியின் கீழ் வராவிட்டாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும் வாய்ப்பு உண்டு. ஊரில் பகை உண்டாக்குவதற்கு இதைவிட விரைவான வழி இல்லை. கேமரா விஷயத்தில் ஐரோப்பிய விதியே மேல்.

முதல் கேள்வி: கொண்டுவரலாமா?

கூடாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். 2022 பிப்ரவரி 9-ஆம் நாள் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, முழுதாகப் பூட்டிய ட்ரோனையோ, பூட்டுவதற்குத் தயாராகப் பிரித்து வைத்த தொகுப்பையோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் மட்டும் அனுமதி பெற்றுக் கொண்டுவர விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டில் ட்ரோன் செய்யும் தொழிலை வளர்ப்பது இதன் நோக்கம்.

எனவே தங்கை மகன் பாரிஸ் கடையில் முறையாக வாங்கி, பில்லும் வைத்து, பிரெஞ்சு அரசிடம் பதிவும் செய்து கொண்டுவந்தாலும், சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அதை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் பதிவு இந்தியாவில் செல்லாது. ட்ரோன் கொண்டுவருகிறவர் சுங்கப் படிவத்தில் அதை அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காமல் வந்து பிடிபட்டால் தொல்லை இரட்டிப்பாகும். வருபவர்களுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவது நல்லது.

இதைக் கேட்டு இந்தியா மட்டுமே கடுமையான நாடு என்று எண்ண வேண்டியதில்லை. இலங்கையில் 2019 ஏப்ரல் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது அடியோடு தடைசெய்யப்பட்டது. அத்தடை பின்னர்தான் நீங்கியது. இந்தியாவிலும் 2014 அக்டோபரில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதற்கே தடை வந்தது. 2018 டிசம்பரில்தான் விதிகளோடு வழி திறந்தது. அவ்விதிகள் மிகவும் சிக்கலாக இருந்தன. 2021 மார்ச்சில் புது விதி, மறுபடி அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு புது விதி. இந்தக் கடைசி விதியில்தான் 25 படிவங்கள் 5 ஆகவும், 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகவும் குறைந்தன. ஏழாண்டுகளில் அடியோடு தடை என்ற நிலையிலிருந்து ஐந்து படிவம் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். 2025 செப்டம்பரில் ட்ரோனுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற மசோதா ஒன்றின் வரைவைக் கருத்துக் கேட்பதற்காக மத்திய அரசு வெளியிட்டது. ஆக, இன்று உள்ளது நாளை மாறக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: சேதராப்பட்டில் பறக்கவிடலாமா?

ட்ரோன் இந்தியாவிலேயே வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வேற்றுமை இங்குதான் வருகிறது.

2021 விதிகள் நாட்டின் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை யாருடைய முன்னனுமதியும் வேண்டாம். மஞ்சள் மண்டலத்தில் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது. இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையம் ஒன்றின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் 200 அடி வரைதான் பச்சை. அதற்கு மேல் மஞ்சள். 8 கிலோமீட்டருக்கு உள்ளே பச்சைச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். வரைபடம் பொதுவாக மஞ்சளோ சிவப்போ காட்டும்.

புதுச்சேரி விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. பல காலம் விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்து, 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் சேவை தொடங்கியது. சேதராப்பட்டு அங்கிருந்து நேர்கோட்டில் 12 கிலோமீட்டருக்கு உட்பட்டே இருக்கிறது. பஸ் போகும் வளைந்த பாதையை வைத்துக் கணக்கிடக் கூடாது. பறவை பறக்கும் தூரமே கணக்கு. மயிலமோ இந்த 12 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெகு தூரம் வெளியே இருக்கிறது. ஆகவே மயிலத்து விவசாயி, தம் இடம் பச்சை மண்டலமாக இருக்கும் வரை, அனுமதி கேட்காமலே பறக்கவிடலாம். சேதராப்பட்டு விவசாயி முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். விதி ஒன்றுதான்; இடம் வேறு.

'மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் பத்தடி உயரத்தில் போகிறது. தென்னை மரத்தைவிடத் தாழ்வு. விமானத்துக்கு இதனால் என்ன ஆபத்து?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 8 கிலோமீட்டருக்கு வெளியே இந்த நியாயம் செல்லும்; 200 அடி வரை விட்டுவிடுகிறார்கள். உள்ளே செல்லாது. ட்ரோன் கட்டுப்பாடு இழந்து மேலே ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதையே அதிகாரிகள் பார்க்கிறார்கள். சிங்கப்பூரிலும் விமான நிலையங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் 60 மீட்டருக்கு மேல் அனுமதி தேவை. ஆயினும் மூன்று ஏக்கர்க்காரர் ஒருவர் பத்து நிமிட வேலைக்காகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்பது கடினமானதே. பயிர் உயரத்தில் நடக்கும் தெளிப்புக்குத் தனி ஏற்பாடு செய்தால் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு உதவியாக இருக்கும்.

வரைபடத்தை மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு நிமிட வேலை. தம் வயல் எந்த நிறத்தில் விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதாது. ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காரணம், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். தலைவர்கள் வரும் நாட்களில் இப்படி நடக்கும். 2021 விதிகளில் மீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைக்கப்பட்டது. சிறு நானோ ட்ரோனுக்கும் இந்த மண்டலக் கட்டுப்பாடு பொருந்தும். பொம்மைதானே என்று விட்டுவிட முடியாது.

ஊசுட்டேரியையும் மறக்கக் கூடாது. புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டுக்கும் பங்குள்ள அந்த ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆள் நுழைவதற்கே அனுமதி வேண்டும். அப்படியிருக்க, இரைச்சலோடு பறக்கும் இயந்திரத்தை வனத்துறையைக் கேட்காமல் அதன் மேல் விடுவது தகாது. கூடு கட்டும் காலத்தில் தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும்.

மூன்றாவது கேள்வி: மருந்து தெளிக்கலாமா?

இங்கே நாடுகளின் நிலை தலைகீழாக இருப்பதைப் பார்க்கலாம். விளையாட்டு ட்ரோனுக்குத் தாராளமாக இருக்கும் பிரான்சு, மருந்து தெளிக்கும் ட்ரோனுக்குக் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கிறது. விளையாட்டு ட்ரோனை விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தும் இந்தியா, தெளிக்கும் ட்ரோனுக்கு மானியம் கொடுக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டிலேயே வானிலிருந்து பூச்சிமருந்து தெளிப்பதைச் சில விலக்குகளோடு தடைசெய்துவிட்டது. காற்றில் மருந்து பரவி வீடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் போகும் என்ற கவலையே காரணம். பிரான்சில் 2025 ஏப்ரலில் வந்த சட்டம்தான் ட்ரோனுக்குச் சிறிது வழிவிட்டது. அதுவும் 20 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலங்கள், வாழைத் தோட்டங்கள், திராட்சை வேர்க்கன்றுகளுக்கான தாய்த்தோட்டங்கள் ஆகியவற்றுக்கு மட்டும். இயற்கை வேளாண்மைக்கு ஏற்றவை, தீங்கு குறைந்தவை போன்ற மருந்துகளுக்கு மட்டும். மனிதன் ஏறி நின்று தெளிப்பது ஆபத்தான சரிவில் ட்ரோன் மேல் என்பது அவர்கள் வாதம். மாறாக ஜப்பானில் நெல் வயல்களுக்கு ஆளில்லா சிறு ஹெலிகாப்டர் கொண்டு மருந்து தெளிப்பது 1980-களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. உழவுக்கு ஆள் கிடைக்காத முதியோர் கிராமங்கள் அங்கு அப்போதே இருந்தன.

இந்தியாவில் 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கு நடைமுறை வகுத்தது. 2022 ஜனவரியில் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் ட்ரோன் சேர்ந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. 2023 நவம்பரில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியத்தில், 8 லட்சம் ரூபாய் வரை, ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவ்வாண்டு ஒதுக்கீடு உண்டா என்பதை உழவர் உதவியகத்தில் கேட்டறிய வேண்டும்.

மானியம் கிடைக்கிறது என்பதற்காக மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் தெளிக்கும் ட்ரோன் வாங்குவது உசிதமன்று. பேட்டரி ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே தாங்கும். உதிரி பேட்டரிகள் பல வேண்டும். விழுந்தால் செலவு பெரிது. அதோடு அது 'சிறியது' என்ற வகையில் வருவதால் எல்லா விதிகளும் பொருந்தும். டிராக்டரோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். வண்டி எண் போல இதற்குத் தனி அடையாள எண் வேண்டும். லைசென்ஸ் போல ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். வயது 18 முதல் 65-க்குள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி ஆகியவை அதற்குத் தகுதி. மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். இவை போக, விதைக்குச் சான்று இருப்பதுபோல அந்த ட்ரோன் மாதிரிக்கே அரசின் மாதிரிச் சான்று இருக்க வேண்டும். சான்றில்லாத ட்ரோனைச் சந்தையில் மலிவாக விற்பவர்கள் இருக்கிறார்கள். சீட்டு இல்லாத விதை போன்றதே அது. வாடகைக்கு அமர்த்துவதே சிறு விவசாயிக்கு ஏற்றது.

வாடகைக்கு அழைக்குமுன் கேட்க வேண்டியவை

ட்ரோன் கொண்டுவருபவரிடம் அடையாள எண்ணையும் பைலட் சான்றிதழையும் காப்பீட்டுச் சீட்டையும் காட்டச் சொல்ல வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வயலில் ட்ரோன் விழுந்து ஆளுக்கு அடிபட்டாலோ, மருந்து பரவிப் பயிர் கருகினாலோ, அப்போது ஊரார் தேடி வருவது வாடகைக்கு வந்து போனவரை அல்ல, வயலுக்குச் சொந்தக்காரரைத்தான்.

மருந்து பரவுவது ஏன் ட்ரோனில் பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டும். முதுகுத் தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் செலவாகும். ட்ரோனில் சுமார் 10 லிட்டர்தான். ஏக்கருக்குரிய மருந்தின் அளவோ இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ட்ரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியிலும் மருந்து 20 மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. துளியும் பனித்துளிபோல நுண்ணியது. காற்றில் எளிதில் அடித்துச் செல்லும். நெல்லில் களைக்கு அடிக்கும் 2,4-டி பக்கத்து வயல் பருத்தியின் இலையையும் கத்தரியின் இலையையும் சுருட்டிவிடும். தேன்பெட்டி வைத்திருப்பவருக்கும் மீன்குட்டை வைத்திருப்பவருக்கும் சேதம் வரலாம். காலையில் பனி உலர்ந்த பிறகோ, மாலையிலோ, காற்று அடங்கிய நேரத்தில் தெளிக்க வேண்டும். ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம்.

விதி இதற்குப் புதிதாகத் தேடவேண்டியதில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில், விமானம் மூலம் மருந்து தெளிப்பதற்கென்றே 43-ஆம் விதி அன்றே எழுதப்பட்டது. தெளிக்கும் இடத்தை அடையாளமிட்டுக் காட்டுவது தெளிப்பவர் பொறுப்பு. அனுமதித்த மருந்தை அனுமதித்த அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கை கால் கழுவவும் முதலுதவிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உரிய அதிகாரிகள் மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஆடு மாடுகளும் வேலையில் சம்பந்தமில்லாத ஆட்களும் குறித்த காலம் வரை அங்கே நுழையாமல் தடுக்க வேண்டும். இன்று கிராமங்களில் இந்த 24 மணி நேர அறிவிப்பைத்தான் யாரும் கடைப்பிடிப்பதில்லை. கொம்யூன் பஞ்சாயத்துக்கும் உழவர் உதவியகத்துக்கும் தகவல் கொடுத்து, பக்கத்து வயல்காரர்களுக்கு நேரில் சொல்லிவிட்டால் பாதி வம்பு குறையும். எல்லைக்கு அப்பால் வானூர் வட்டத்தில் பக்கத்து வயல் இருந்தால் அந்த ஊராட்சிக்கும் சொல்ல வேண்டும். மருந்துக்குப் புதுச்சேரி என்றும் தமிழ்நாடு என்றும் எல்லை தெரியாது.

எந்த மருந்தை ட்ரோனில் தெளிக்கலாம் என்பதும் முக்கியம். 2022 ஏப்ரலில், ஏற்கெனவே பதிவான 477 மருந்துகளை ட்ரோனில் பயன்படுத்த மத்திய அரசு இரண்டாண்டுக்கு இடைக்கால அனுமதி தந்தது. அது தற்காலிக ஏற்பாடே. எனவே கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், வாங்கப்போகும் மருந்துக்கு ட்ரோன் அனுமதி இன்று இருக்கிறதா என்று வேளாண் அலுவலரைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து டேங்கில் ஊற்றும் வழக்கம் ட்ரோனுக்கு ஆகவே ஆகாது. தண்ணீர் குறைவாக இருப்பதால் மருந்துகள் திரிந்து நாசிலை அடைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்து, எல்லா நாசிலும் சரியாகத் தெளிக்கிறதா என்று சோதித்த பிறகே மருந்து ஊற்றச் சொல்ல வேண்டும். கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது.

சவுக்குத் தோப்பு, உயரழுத்த மின்கம்பி, செல்போன் கோபுரம் ஆகியவை வயலோரம் இருந்தால் ட்ரோன் வருவதற்கு முன்பே பைலட்டிடம் காட்டிவிட வேண்டும். மணிலா போன்ற தாழ்ந்த பயிரில் கண்ணுக்குத் தெரியும் கம்பி, கரும்புக்கு மேல் பறக்கும்போது தெரியாமல் போகலாம்.

சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு விவசாயிகள் மேலும் விவரங்களைத் தங்கள் பகுதி உழவர் உதவியகத்திலும், குரும்பாப்பட்டு பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செல்லும்போது வயலின் சர்வே எண்ணையும், முடிந்தால் செல்போனில் வயலின் நடுவில் நின்று குறித்த இருப்பிடத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். வயல் எட்டுக் கிலோமீட்டர் வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அது தேவைப்படும்.